பழைய விலைப் பருப்பு

ஹட்டனில் என்னை ரயிலேற்றிவிட்ட அன்று அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எப்படியாவது பிழைத்துக்கொள் ராசா." 1986ஆம் ஆண்டு. எனக்கு 16 வயது. கொழும்பில் இறங்கி, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பகலில் மூட்டைகளுக்கு நடுவே ஓட்டம், இரவில் அதே மூட்டைகளின் மேல் படுக்கை. அந்தத் தெருவில் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு, "அவன் பிழைக்கத் தெரிந்தவன்" என்பது. இருபது வருடங்களில் அந்தப் பெயரை நானும் எடுத்தேன். 2006இல் சொந்தமாகக் கடை திறந்தேன்.

இதற்கிடையே, 1994இல், கிறிஸ்துவை என் ஆண்டவராக ஏற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தை விரித்து எழுத இது இடமில்லை. அது உண்மையானது, இன்றும் என்னைத் தாங்குகிறது. அதன் பிறகு நான் ஞாயிறு பாடசாலை ஆசிரியனானேன், பிரசங்கம் செய்யத் தொடங்கினேன், சபையின் கணக்குகளும் என் கைக்கு வந்தன. பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த வசனங்களில் ஒன்று 2 கொரிந்தியர் 5:15. "பிழைத்திருக்கிறவர்கள் இனித் தங்களுக்கென்று பிழைத்திராமல், தங்களுக்காக மரித்து எழுந்தவருக்கென்று பிழைத்திருக்கும்படி" அவர் எல்லாருக்காகவும் மரித்தார் என்கிறார் பவுல். தடுமாறாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு ஒரு பேனா பரிசு கொடுப்பேன்.

அம்மா சொன்ன சொல்லும் பவுல் எழுதிய சொல்லும் ஒன்றுதான் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. உறைத்தது 2022 மார்ச்சில்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறோம். காலை ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, எட்டே முக்கால் மணியளவில் கொச்சிக்கடைப் பக்கமிருந்து குண்டு வெடித்த சத்தம் கேட்டது. புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் போயிருந்தார்கள். திரும்பி வராதவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியவில்லை. அன்று இரவு ஊரடங்குக்குள் முழங்காலில் நின்று, "நாங்கள் பிழைத்தோம் ஆண்டவரே, இனி இந்த உயிர் உம்முடையது" என்று அழுதேன். மனதார அழுதேன். ஆனால் இரண்டு மாதங்களில் பழையபடி கடை, வரவு, செலவு. அந்தப் பொருத்தனையை நான் மீறினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதை எங்கே நிறைவேற்றுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பெரிய கணத்தில் செய்த பொருத்தனைக்கு நான் பெரிய இடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மெதடிஸ்டுகளாகிய நாங்கள் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடத்துவோம். 1755இல், மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜோன் வெஸ்லி தொடங்கிவைத்தது. இனி நான் எனக்குரியவன் அல்ல, உமக்குரியவன். என்னை உபயோகித்தாலும் சரி, ஒதுக்கிவைத்தாலும் சரி என்ற கருத்தில் சபை முழுவதும் ஒன்றாக எழுந்து நின்று ஒப்புக்கொடுப்போம். 2022 ஜனவரியில் அந்த ஆராதனையில் நானும் பேசினேன். வெஸ்லியோடு ஊழியம் செய்த தோமஸ் கோக்கைப் பற்றிப் பேசினேன். 66 வயதில், தன் சொந்தப் பணத்தைப் போட்டு, ஆறு இளம் மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறியவர். 1814 மே 3ஆம் திகதி காலையில் கப்பல் அறைக்குள் இறந்து கிடந்தார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள். மற்றவர்களில் ஐந்து பேர் ஜூன் 29ஆம் திகதி இலங்கையில் கரையிறங்கினார்கள். அவர்களில் மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஓல்ட் அடுத்த வருடமே அங்கே இறந்துபோனார். 1816இல் புறக்கோட்டையில் ஆலயம் எழும்பியது. தான் கண்ணால் காணாத தீவுக்காக ஒரு கிழவர் உயிரைக் கொடுத்தார் என்று சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. சபையிலும் சிலர் கண் துடைத்தார்கள்.

அந்தப் புறக்கோட்டை ஆலயம் என் கடையிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளர்த்தியது. இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த மாதங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மா இல்லை, மார்ச் முடிவில் 13 மணி நேர மின்வெட்டு. நான்காம் குறுக்குத் தெருவில் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. என் பின்னறையில் மைசூர்ப் பருப்பு இருந்தது. பழைய டொலர் விலைக்கு வாங்கிய சரக்கு. ஒரு வாரம் பொறுத்தால் போதும், கை அசைக்காமல் லாபம். தெருவில் பலர் செய்ததை நானும் செய்தேன். இரும்புக் கதவைப் பாதி இறக்கி, "பருப்பு இல்லை என்று சொல்" என்று பையன்களுக்குச் சொல்லிவைத்தேன்.

மூன்றாவது நாள் முகத்துவாரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். துறைமுகப் பக்கத் தொழிலாளர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி விற்பவர். கணவர் இல்லை. 12 வருடங்களாக என்னிடம்தான் சாமான் எடுப்பார். பையன்கள் சொன்னதைக் கேட்டும் போகாமல், குனிந்து கதவுக்குள் வந்தார்.

"பத்துக் கிலோ போதும் தம்பி. பருப்பில்லாமல் எப்படிப் பார்சல் கட்டுவது?"

"பருப்பு இல்லை அக்கா. கப்பல் வரவில்லை."

அவர் பதில் பேசவில்லை. தரையைப் பார்த்தார். காலையில் நாட்டாமை ஒருவர் ஒரு மூட்டையைத் தூக்கி இடம் மாற்றியிருந்தார். (புறக்கோட்டையில் சுமை தூக்குபவர்களை நாட்டாமை என்போம்.) அந்த மூட்டையின் தையல் எங்கோ விட்டிருக்க வேண்டும். பின்னறை வாசலிலிருந்து சீமெந்துத் தரை நெடுக, என் மேசையைச் சுற்றி, அவருடைய செருப்புவரை மெல்லிய செம்மஞ்சள் கோடாகப் பருப்பு சிந்திக் கிடந்தது. அவருக்கு முழங்கால் வருத்தம். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை கிள்ளியெடுத்து, ஊதித் தூசி போக்கி, என் தராசுத் தட்டில் வைத்தார். தராசின் எண் பூச்சியத்திலேயே நின்றது.

"வீணாக்காதீர்கள் தம்பி" என்றார். போய்விட்டார்.

அந்தத் தராசுக்கு மேலே நீதிமொழிகள் 11:1 சட்டம் போட்டு மாட்டியிருந்தது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." என் தராசு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதில் எனக்கு நிறையப் பெருமை. பொய் தராசுக்குப் பின்னால் நின்றவனின் வாயில் இருந்தது.

அன்று இரவு மின்சாரம் இல்லை, தூக்கமும் இல்லை. பேனாப் பரிசு கொடுத்துப் படிப்பித்த வசனம் அப்போதுதான் எனக்குத் திறந்தது. பிழைத்திருக்கிறவர்கள். 2019இல் பிழைத்தவன். கொழும்புக்குப் பிழைக்க வந்தவன். பிழைக்கத் தெரிந்தவன். தங்களுக்கென்று பிழைத்திராமல் என்று பவுல் சொல்வது எந்தப் பிழைப்பை? இந்தப் பருப்பு மூட்டைப் பிழைப்பைத்தான். நான் மூன்று வருடங்களாகத் தேடிய இடம் என் பின்னறையில் அடுக்கிக் கிடந்தது.

மறுநாள் காலையில் மகனிடம் சொன்னேன், சரக்கைப் பழைய விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று. அவன் கணக்குப் படித்தவன். "அப்பா, இதைப் பழைய விலைக்கு விற்றால் அந்தக் காசுக்கு அடுத்த முறை பாதிச் சரக்குத்தான் வாங்கலாம். அதோடு கடை சுருங்கிவிடும்" என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி. வியாபாரம் செய்யாதவர்கள் இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. விற்ற பொருளை மறுபடி வாங்கி வைக்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் கடைக்காரனின் உண்மையான கணக்கு. அவனோடு சேர்ந்து உட்கார்ந்து, வாங்கிய விலை, வங்கி வட்டி, வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் வழமையான லாபத்தை மட்டும் வைத்து ஒரு விலை குறித்தோம். மொத்தமாக வாங்கி விற்பவர்களுக்கு இல்லை, சிறு கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மட்டும், ஆளுக்கு 25 கிலோ என்று வைத்தோம். புதிதாக வரும் சரக்கை அன்றைய விலைக்கே விற்பது என்றும் முடிவெடுத்தோம், ஏனென்றால் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய கடை அது. அவர்களைத் தெருவில் விட்டுவிட்டு நான் நல்லவன் ஆக முடியாது.

இதன் முடிவு எப்படியிருந்தது என்று கேட்பவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஒரு வியாபாரி மூன்று பையன்களை மாற்றி மாற்றி அனுப்பி என் பருப்பை வாங்கி, இரண்டு தெரு தள்ளி இரட்டை விலைக்கு விற்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சில மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறியபோது, மகன் சொன்னபடியே என் முதல் சுருங்கியிருந்தது. இரண்டாவது களஞ்சிய அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் என் கடை 2021இல் இருந்ததைவிடச் சிறியது. கர்த்தர் இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று முடியும் சாட்சிகளை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். என்னுடையது அப்படி முடியவில்லை. கிறிஸ்துவுக்கென்று வாழ்வது அதிக லாபத்துக்கான வழி என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் தனக்கென்று பிழைப்பதுதான், வேறு உடுப்பில்.

அந்த அக்காவைத் தேடி முகத்துவாரத்துக்குப் போனேன். மண்ணெண்ணெய் வரிசையில் கையில் கானோடு நின்றார். வரிசையை விட்டு வரமாட்டார் என்பதால் அங்கேயே, முன்னும் பின்னும் ஆட்கள் நிற்க, "நான் பொய் சொன்னேன் அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். கொண்டுபோன பருப்பை வாங்க மறுத்துவிட்டார்.

"இல்லை என்றால் பொறுத்திருப்பேன் தம்பி. 12 வருடமாக உங்கள் வாயை நம்பித்தான் வாங்கினேன். தராசை ஒரு நாளும் பார்த்ததில்லை" என்றார். வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். அதன் பிறகு கடைக்கு வரவில்லை.

இதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. இந்தக் கதையைச் சபையில் சாட்சியாகச் சொன்னேன். எல்லாரும் உருகினார்கள். வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். வத்தளையில் ஒரு வாலிபர் கூட்டத்துக்கு அழைத்தார்கள், போனேன். ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி சொன்னார்: "நீங்கள் சொல்லச் சொல்ல மூட்டைகள் கூடிக்கொண்டே போகின்றன. முதல் நாள் அறுபது, இன்றைக்கு நூறு. அந்த அக்கா உங்களை மன்னிக்கவில்லை என்பதையும் இப்போது விட்டுவிடுகிறீர்கள்." பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பருப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பெயரை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பதுக்கலை விட்டு இன்னொரு பதுக்கல். அந்த இரவோடு இரண்டு வருடங்கள் இதை எங்கும் சொல்லவில்லை. இப்போது கணக்குக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்: 62 மூட்டை.

எழுதுவதற்குக் காரணம், சபையில் ஒரு தம்பி கேட்டார், வேலைக்குப் போய்க்கொண்டே கிறிஸ்துவுக்கென்று வாழ்வது நடைமுறையில் எப்படி என்று. எனக்குத் தெரிந்தவற்றை அவருக்குச் சொன்னதுபோலவே சொல்கிறேன்.

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகக் கடன் கொப்பியை எடுக்கிறேன். முன்பு அதை எடுத்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று மட்டும்தான் பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு பெயராக ஜெபிக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து பெயர், அவ்வளவுதான். ஒருவருக்காக ஜெபித்த வாயால் அன்றே அவரைத் தெருவில் வைத்துக் கத்துவது கடினம், செய்துபாருங்கள். உங்களிடம் கடன் கொப்பி இல்லாவிட்டால் தொலைபேசியில் நேற்று யாரோடெல்லாம் பேசினீர்கள் என்ற பட்டியல் இருக்கிறது.

சொந்தத் தொழில் செய்பவர்கள் தங்களுக்கென்று ஒரு சம்பளம் குறித்துக்கொள்ளுங்கள். நான் 2022 வரைக்கும் அதைச் செய்யவில்லை. லாச்சியில் உள்ளதெல்லாம் என்னுடையது என்ற நினைப்பில் இருந்தால், கொடுப்பதும் என் தயவு, எடுப்பதும் என் உரிமை என்றாகிவிடுகிறது. சம்பளம் எடுக்கத் தொடங்கிய மாதம்தான், அந்தக் கடை எனக்கு ஒப்படைக்கப்பட்ட ஒன்று என்பது கைக்குத் தெரிந்தது. அந்தச் சம்பளத்திலிருந்து முதலில் காணிக்கையை எடுத்து வைக்கிறேன். பெயர் எழுதிய உறையில் ஒரு பகுதி, பெயரில்லாமல் ஒரு பகுதி. பெயரில்லாததைக் கொடுக்கும்போது உள்ளுக்குள் ஏதோ ஒன்று முணுமுணுக்கும். அது முணுமுணுப்பதற்காகவே கொடுக்கிறேன்.

நன்றி கிடைக்காத ஒரு வேலையாவது உங்கள் வாரத்தில் இருக்கட்டும். மட்டக்குளியில் படுக்கையில் கிடந்த ஒரு முதியவரை வியாழக்கிழமைகளில் பார்க்கப் போனேன். முதல் நாள் பைபிளோடு போனேன், வாசிக்க வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். அவருடைய கால் நகங்கள் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தன. இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் பாதத்தை ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக வெட்ட வேண்டும், அவசரப்பட்டால் இரத்தம் வரும். நான் வெட்டி முடிக்கும்வரை அவர் ஏசிக்கொண்டே இருப்பார். தண்ணீர் சூடு என்பார், பிறகு ஆறிவிட்டது என்பார். இரண்டு வருடங்களில் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. பல வாரங்கள் போக மனமில்லாமல் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் நான் செய்தவற்றில் இதை மட்டும் யாருக்கும் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்ததில்லை. அதனால் இதை நம்புகிறேன். இப்போது எழுதிவிட்டேன். அவர் காலமாகிவிட்டார், இனி ஏச ஆளில்லை.

வீட்டாரைக் கேளுங்கள். சபை வேலை என்று நான் வாரத்தில் நான்கு மாலைகள் வெளியே இருந்த வருடம் என் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாள். அவள் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் கர்த்தருடைய வேலை என்றேன். கூட்டங்களில் எனக்கிருந்த மரியாதை வீட்டில் இல்லை, ஆகவே கூட்டங்களுக்குப் போனேன் என்பதுதான் சரியான கணக்கு. இப்போது இரண்டு பொறுப்புகளை விட்டுவிட்டேன். ஒதுக்கிவைத்தாலும் சரி என்று வருடா வருடம் சொன்னதன் அர்த்தம், என் இடத்தில் இன்னொருவர் கணக்கு வாசிப்பதைப் பின்வரிசையிலிருந்து கேட்டபோதுதான் புரிந்தது. முதல் சில மாதங்கள் வலித்தது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்று லூக்கா 9:23இல் ஆண்டவர் சொன்னதை, அடிக்கும் கணவனிடம் இருந்துகொள் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லவோ, சம்பளம் கொடுக்காத முதலாளியிடம் பொறுத்துப்போ என்று ஒரு தொழிலாளிக்குச் சொல்லவோ பயன்படுத்தாதீர்கள். நானே ஒரு காலத்தில் ஒரு சகோதரிக்கு அப்படி ஆலோசனை சொல்லியிருக்கிறேன். தவறு. சிலுவையைத் தானாக எடுத்துக்கொள்வது வேறு, அடுத்தவன் தன் வசதிக்காக நம் தோளில் சுமத்துவது வேறு. அப்படிப்பட்ட பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பான ஓர் இடமும் கூட வரும் ஆளும். தியானம் பிறகு.

முகத்துவாரத்து அக்கா 2024 டிசம்பரில் ஒரு காலையில் கடைக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நத்தார் நெருக்கம், கடையில் கூட்டம். "ஐந்து கிலோ பருப்பு" என்றார், தம்பி என்று கூப்பிடவில்லை. அந்த வரிசையில் அவர் சொன்ன நாளிலிருந்து என் தராசின் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நான் குனிந்து, எட்டித்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். பருப்பைக் கொட்டினேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, எண் நிற்கும்வரை பார்த்தார். ஐந்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பையைக் கட்டிக் கொடுத்தேன். காசை எண்ணி மேசையில் வைத்தார், மிச்சத்தை எண்ணி எடுத்துக்கொண்டார்.

"அடுத்த கிழமை அரிசியும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.